நான்காம் வரிசையில் கிடைத்த மோதிரம்

சங்கம் எனக்குத் தரப்போகும் கோப்பையில் பொறிக்கச் சொல்லியிருக்கும் தேதி தவறு, யூட்டே. மார்ச் பதினைந்து என்று இருக்கிறது. அக்டோபர் ஐந்து என்று இருக்க வேண்டும். கோப்பை இன்னும் பொறிப்பவரிடம் போகவில்லை என்று தலைவர் எஸ்கில் சொன்னதால் இன்றே எழுதுகிறேன். மோதிரம் கிடைத்த விவரத்தை நீ நடத்தும் சங்க இதழுக்கு எழுதித் தரும்படி நீயும் கேட்டிருந்தாய். இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடலாம். இதழ் வெளியூர்ச் சங்கங்களுக்கும் போகிறது என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

சர்க்கரை ஆலையின் எடை மேடையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். சர்க்கரை பீட்ரூட் கிழங்கு ஏற்றி வந்த ஒரு லாரிக்குக்கூட ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன செப்டம்பரில் நம் மெட்டல் டிடெக்டர் சங்கம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். பட்டியலில் பதினாறு பேர். சனிக்கிழமை காலையில் வந்து நிற்பது நான்கு பேர். டென்மார்க்கில் நம் லோலன் தீவின் இந்தப் பக்கத்தில் நாம் கருவியோடு நடக்காத வயல் பாக்கியில்லை. கடைசியாகக் கிடைத்தது ஒரு டிராக்டர் போல்ட். மோன்ஸ் அதைத் துடைத்து நீட்டி, "வைக்கிங் காலத்து போல்ட்டு, மியூசியத்துக்குப் போன் போடுங்கப்பா" என்றான். அன்று சிரிப்பதற்குக்கூட ஆள் போதவில்லை. சங்கத்தைக் கலைத்துவிடலாமா என்று தலைவர் எஸ்கில் என்னிடம் தனியாகக் கேட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்தச் சங்கம்.

தொடாத நிலம் ஒன்றே ஒன்று இருந்தது. தேவாலயத்தின் பின்னால், தோர்வாலுடையது. பல வருடங்களுக்கு முன் அனுமதி கேட்கப் போன எஸ்கிலை அவர் வாசலிலேயே நிறுத்தி, "கோழி மாதிரி என் மண்ணைக் கிளறப் போறீங்களா? போய் உங்க வீட்டுப் பின்பக்கத்தைக் கிளறுங்க" என்று அனுப்பிவிட்டார். இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். ஞாபகம் போய் இரண்டு வருடம். ஆனாலும் அவர் மனைவி அஸ்தா அவர் சொல்லை மீறவில்லை.

அந்த அஸ்தாதான் செப்டம்பர் கடைசியில் நம்மைக் கூப்பிட்டார். தரிசாகக் கிடந்த அந்த நிலத்தில் முள்செடி பிடுங்கும்போது கையுறையைக் கழற்றி உதறியிருக்கிறார். அதோடு கல்யாண மோதிரமும் போய்விட்டது. எழுபத்தொன்பது வயதில் விரல்கள் மெலிந்துபோயிருந்தன.

எஸ்கிலும் நானும் அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த மோதிரம் ஏன் வேண்டும் என்பதை அவரே சொன்னார். தினமும் மூன்று மணிக்கு அவர் சைக்கிளில் இல்லத்துக்குப் போவார். தோர்வாலுக்கு மனைவியின் முகம் மறந்துவிட்டது. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் மோதிரத்தைத் தடவுவார். இளவயதில் கிழங்கு தோண்டும் இயந்திரத்தில் சிக்கியதில் அதன் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டிருந்தது. விரல் அந்தத் தட்டையில் வந்து நின்றதும் "அஸ்தா" என்பார். பிறகு ஒரு மணி நேரம் அவர் பழைய தோர்வால்.

"மோதிரம் இல்லாம போனேன். 'ரொம்ப நன்றி நர்ஸம்மா, என் பொண்டாட்டி வர்ற நேரமாச்சு, நீங்க கிளம்புங்க'ன்னுட்டார். நானும் கிளம்பி வந்துட்டேன். வேற என்ன பண்றது" என்று சொல்லி அஸ்தா சிரித்தார்.

பிறகு நிபந்தனையைச் சொன்னார். "மோதிரம் கிடைக்கிற வரைக்கும் நிலம் உங்களுது. கிடைச்ச அன்னைக்கே வேலிக் கதவைச் சாத்திடுவேன். இல்லேன்னா அந்த மனுஷன் கட்டிலை விட்டு எழுந்தே வந்துடுவார்."

இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

அக்டோபர் ஐந்து, முதல் சனிக்கிழமை, எட்டுப் பேர் வந்தோம். கயிறு கட்டி இரண்டு மீட்டர் அகலத்தில் வரிசைகள் பிரித்தோம். எனக்கு நான்காம் வரிசை. காலை பத்து இருபதுக்குக் கருவி கத்தியது. தங்க மோதிரத்துக்கும் பானக் கேனைத் திறக்கும் அலுமினிய வளையத்துக்கும் கருவியில் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குனிந்து முள்செடியின் வேரை விலக்கினேன். மோதிரம் மண்கூடப் படாமல் கிடந்தது. தட்டையான பக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.

பக்கத்து வரிசையிலிருந்து மோன்ஸ் கேட்டான்: "என்னப்பா பெர்தெல், ராஜா கிரீடமா?"

"கேன் வளையம்."

"என்கிட்ட ஏழு இருக்கு. தோத்தவன் பியர் வாங்கணும், சரியா?"

"சரி" என்று சொல்லி அதை இடது கையுறைக்குள் போட்டுக்கொண்டேன். காப்பி நேரத்தில் எல்லோர் முன்னாலும் எடுத்து நீட்டலாம் என்பதுதான் என் எண்ணம். இதை நீ நம்பலாம்.

காப்பி நேரத்தில் என்ன நடந்தது என்பது உனக்கே நினைவிருக்கும். அஸ்தா ஒரு தட்டு நிறைய, பழுப்புச் சர்க்கரை உருக்கி ஊற்றிய கேக் கொண்டுவந்தார். எஸ்கில் காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தார். நூற்றிருபது வரிசை, ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தேட வேண்டும், நான்கு நிறத்தில் பென்சில் கோடு, ஈஸ்டர் வரை முறை வைத்து எல்லோர் பெயரும். முதல் நாள் ராத்திரி தூங்காமல் போட்டிருக்கிறார். "இந்த மனுஷன் பஸ் ஓட்டினப்போகூட இவ்வளவு சரியா டைம்டேபிள் போட்டதில்ல" என்றான் மோன்ஸ். எஸ்கில் சிரித்தார். பத்து வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருபது நிமிட வேலையில் இதையெல்லாம் சுருட்டி அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது.

அதன் பிறகு வந்த குளிர்காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் வாரம் மோன்ஸ் ஒரு பழைய வெள்ளிக் காசை எடுத்தான். அடுத்த வாரம் பதினொன்று. அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்தார். பத்திரிகையில் படம் வந்தது. சனிக்கிழமைக்குப் பத்து, பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். நீகூட ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. சங்கத்தைக் கலைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அஸ்தாவுக்கும் அது நல்ல காலம்தான். அதுவரை அவர் வீட்டுப் படியேறிய ஆள் கிடையாது. இப்போது வாரம் ஒரு நாள் வாசல் நிறைய ஆட்கள், சேற்றுக் காலணிகள். நீ அவருக்குக் கருவி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாய். பனியில் கம்பளித் தொப்பியோடு அவரும் ஒரு வரிசை நடப்பார். ஒரு தடவை துருப்பிடித்த கரண்டி கிடைத்தது. மோன்ஸ், "இதையே விரல்ல வளைச்சு மாட்டிக்குங்க, நான் வேணா சாட்சிக் கையெழுத்துப் போடறேன்" என்றபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எடை போட்டுப் பார்த்தால், அந்த மோதிரம் அவர் விரலில் இருந்ததைவிட என் மேசை இழுப்பறையில் இருந்தபோதுதான் அதிகம் பேருக்கு நன்மை செய்தது.

இரண்டரை மணிக்கு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குக் கிளம்புவார். ஆரம்பத்தில், அன்று தோர்வால் தன்னை யாரென்று நினைத்தார் என்பதை வந்து சொல்வார். நர்ஸ், தபால்காரி, ஒரு நாள் பாதிரியாரின் சம்சாரம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. சொந்த விஷயத்தில் தலையிடுவது முறையல்ல.

மார்ச் ஆறாம் தேதி தோர்வால் இறந்துபோனார். பதின்மூன்றாம் தேதி அடக்கம். அன்று அஸ்தா வீட்டில் அரைக்கம்பத்தில் பறந்த கொடியை, அடக்கம் முடிந்ததும் உயர்த்த வேண்டும் என்ற முறைப்படி, மாலையில் எஸ்கில்தான் உச்சிக்கு ஏற்றினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது தேடுவதற்கு மூன்று வரிசைதான் பாக்கி. இனித் தாமதிப்பதில் யாருக்கும் பயன் இல்லை. நூற்றுப் பதினெட்டாம் வரிசையில் மோதிரத்தைப் புல்லுக்குள் அழுத்தி வைத்துவிட்டு, கருவியை அதன் மேல் கொண்டுபோனேன்.

அந்தக் கூச்சல் உனக்கு நினைவிருக்கும். மோன்ஸ் சேற்றில் மண்டியிட்டு என் காலணியை முத்தமிட்டான். நல்ல நாளென்று அஸ்தா மறுபடி கொடியேற்றினார், கேக்கில் காகிதக் கொடிகள் குத்தினார். மோதிரம் விரலில் நிற்காமல் வழுக்கியதால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். "ஒரு பத்து நாள் முன்னாடி…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார்.

கயிறுகளையும் குச்சிகளையும் எப்போது பிடுங்கட்டும் என்று கேட்டேன். நிபந்தனை நிபந்தனைதானே.

"எதுக்குப் பிடுங்கணும்? அடுத்த சனிக்கிழமை நான் யாருக்குக் கேக் சுடறது?" என்றார். "கதவைச் சாத்திடுவேன்னு நான் சும்மா சொன்னதை நெசம்னா நெனைச்சீங்க, பெர்தெல்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே வாங்கன்னு சொல்லியிருப்பேனே."

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு மனிதர்கள் இப்படித்தான் பெருந்தன்மையாகப் பேசுவார்கள். முன்கூட்டி யோசிக்கும் பொறுப்பு வேறொருவருடையதாகிவிடுகிறது.

கடைசியாக ஒரு திருத்தம். அஸ்தாவைத் தேற்றுவதற்காக எஸ்கில், "விடுங்க, கடைசி காலத்துல நீங்க மோதிரத்தோட போயிருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அதையே நீ இதழின் முன்னுரையிலும் எழுதியிருக்கிறாய். அது தவறு, அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிடு. நான் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி பதினாறு, வியாழக்கிழமை. அஸ்தா வரும் நேரமாக இருக்கக் கூடாது என்று காலை பதினோரு மணிக்குப் போனேன். இல்லத்து நர்ஸிடம் பழைய ஆலைக்காரன் என்றேன், பொய்யில்லை, தோர்வாலின் கிழங்கை நான்தான் எடை போட்டேன். மோதிரம் என் சுண்டுவிரலில் பாதிதான் ஏறியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கையை அவர் கைக்குள் வைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐம்பது விநாடி ஆயிற்று. பிறகு நின்றது.

"அஸ்தா" என்றார். "இத்தனை நாளா எங்கடி போயிருந்தே?"

மதியச் சாப்பாடு வரும்வரை கையை விடவில்லை.

அவர் ஞாபகம் அவ்வளவு உறுதியாக இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி. அவசரப்பட வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்போது இன்னும் பாதி வயல் பாக்கி இருந்தது.