தலை பஸ்மேல், உடம்பு திண்டிவனத்தில்

விக்கிரவாண்டி தாண்டியபோது என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் நின்றிருந்தோம். பக்கத்து சீட்டில் கட்அவுட் வரையும் பெயிண்டர்கள் இரண்டு பேர். போட்டோவில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பலகையில் பெரிதாக்குபவர்கள். கட்சித் தலைவரின் தலை பஸ் கூரைமேல் இருந்தது. உடம்பைத் திண்டிவனத்தில் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்களாம்.

"கட்டம் ஒரு அடிக்குத்தானே போட்ட?" என்றார் மூத்தவர்.

"முக்கா அடிண்ணே. பலகை பத்தல."

"உடம்ப ஒரு அடிக் கட்டத்துல வரைஞ்சி நிறுத்திட்டு வந்திருக்கேன்டா. நாலடித் தலை மூணடியால்ல இருக்கும்?"

மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். மூன்றடிதான்.

"முப்பதடி ஒசரம்ணே. கீழேருந்து பாத்தா எந்தத் தலையும் சின்னதாத்தான் தெரியும்."

"தலைவரு எங்கடா கீழேருந்து பாக்கப் போறாரு? எதுத்தாப்ல லாட்ஜுல மூணாவது மாடியில ரூம் போட்டிருக்காங்க. ஜன்னலத் தொறந்தா தலைக்கு நேரா நிப்பாரு."