ரெண்டு கிலோ கூடணும்

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பஞ்சாபி சூட் போட்ட இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் போனை மடியில் வைத்தேன்.

"திங்கக்கெழமைக்குள்ள ரெண்டு கிலோ கூடணும்க்கா. இல்லன்னா வயித்த சின்னதாக்குற ஆப்பரேஷனுக்கு இன்சூரன்ஸ்ல விடமாட்டாங்க."

"ஒடம்பக் குறைக்கத்தானே ஆப்பரேஷன்?"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

"ஆமா. ஆனா அவங்க சொல்ற எடைக்குக் கீழ போனா அப்ரூவல் கிடைக்காது. நேத்து கிளினிக்ல ஏறி நின்னேன், கீழ போயிருச்சு."

"டாக்டர் எவ்வளவோ சொல்லியும் குறையாத ஒடம்பு, இப்ப மட்டும் எப்படிலா குறைஞ்சிச்சு?"

இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ரூவல் கிடைக்கணும்னு பத்துமலைக்குப் பால்குடம் நேந்துகிட்டேன். தைப்பூச விரதம்க்கா. ஒரு வேளைதான் சோறு."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"நெய் உருண்டை. சைவம்தான். சோறு சாப்பிடறப்ப சேத்து நாலு போடு. முருகன் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

இளையவள் டப்பாவை மடியில் வைத்தபடியே வந்தாள். திறக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்ததும் எழுந்து, சூட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இடுப்பில் துணி தாராளமாக மடிந்தது. அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம்க்கா. போன தீபாவளிக்கு இந்த சூட்டு எனக்குப் பத்தவே இல்ல."