ஓட்டை விழுந்த கீரை

ஜெலாப்பாங் சந்தையில் கூடை எதுவும் கிடையாது. பெட்டியிலிருந்து கீரையை நாமே பொறுக்கிக்கொண்டு தராசுக்கு வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். பெரியவர் சொன்னார்:

"அழகா இருக்கிற கீரைய எடுக்காத. ஓட்டை விழுந்ததா பாத்து எடு."

இளையவள் சிரித்தாள். "அது புழு தின்னதுலா அக்கா."

"அதான் வேணும். சுங்காய் தோட்டத்துல இருபது வருஷம் பூச்சி மருந்து அடிச்சவ நான். இலை பளபளன்னு இருந்தா எனக்கு அந்த வாடை வந்துரும்."

"கழுவுனா போயிரும்க்கா."

"எனக்குப் போகல. ரெண்டு புள்ள வயித்துலயே போச்சு. இப்ப என் மக முழுகாம இருக்கா."

இளையவள் கையிலிருந்த கட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, பெட்டியின் அடிவரை கிளறி வேறொன்றை எடுத்தாள்.

பெரியவர் தன் கட்டைத் தராசில் வைத்ததும் சீனக் கடைக்காரர் முகம் சுளித்தார். "அக்கா, இதுல புழு லா. வேற தரவா?"

"நெளியுதா?"

குனிந்து பார்த்தார். "நெளியுது."

"அப்ப இன்னும் ரெண்டு கட்டு போடு, தவ்கே."