ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம்

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் அறையில் ஓடும் மின்விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் நாலு நாள் சும்மா இருக்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும், மாற்றிவிடுவதே நல்லது. நேற்று நீங்கள் கேள்வி கேட்டபோது நான் அடிக்கடி மேலே பார்த்தது அதனால்தான். பதிலை ஜோடிக்கிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நடந்ததை எழுதியே கொடுங்கள் என்று தாள்களைத் தந்தது எனக்கும் வசதியாகப் போயிற்று. எழுதும்போது யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

நான் ஓர் அச்சகத்தில் ஃபோர்மேன். இருபத்தாறு வருடமாக அதே கூரை, அதே நாலு பெரிய மெஷின்கள். கூட வேலை பார்ப்பவர்கள் என்னைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. மூன்றாவது மெஷினில் எந்த ரோலர் காய்ந்து ஓடுகிறது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். ஆனால் காலை ஆறிலிருந்து இரண்டு வரை அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் ஒரு மணி நேரமாவது காது குளிர எதையாவது கேட்க வேண்டும். சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு இசைத்தட்டு.

முன்னறையை அதற்கென்றே வைத்திருந்தேன். வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றின் பெட்டிகளை நானே மரம் வாங்கி அறுத்துச் செய்தேன். நாற்காலியின் நாலு காலும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறித்திருப்பேன். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "பெருக்கும்போது நாற்காலிய ரெண்டு இஞ்சு தள்ளிட்டேன்டி. ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்த மனுஷன்" என்று தன் தங்கையிடம் என் எதிரிலேயே சொல்வாள். ஒரு வாரம் இல்லை, மூன்று நாள்.

கேட்க உட்காருவதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவருவேன். முதலில் ஃபிரிட்ஜை அணைப்பேன். பிறகு மின்விசிறிகள், பிறகு சமையலறை ட்யூப் லைட்; அதன் சோக் ஒரு மாதிரி ரீங்கரிக்கும், மற்றவர்களுக்குக் கேட்காது. கடைசியில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் வைப்பேன். இதையெல்லாம் செய்து முடித்தால் ஓர் அமைதி வரும். ஊசி இசைத்தட்டில் இறங்குவதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று நொடிகளுக்காகவே நான் நாள் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவளுடைய நுரையீரல் கெட்டது. சுருங்கிக்கொண்டே போகிறது, இனி விரியாது என்றார் டாக்டர். அடுத்த அறையில் இரும்புக் கட்டில் போட்டு, பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷினை வைத்தோம். இரவும் பகலும் ஓட வேண்டிய மெஷின். உள்ளே கம்ப்ரஸர் டுப்பென்று ஒரு அடி அடிக்கும், பிறகு காற்று சீறும், மறுபடி டுப். சுவர் வழியாக வந்தது போதாதென்று கரண்ட் வழியாகவும் வந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் அந்த டுப் ஸ்பீக்கருக்குள்ளேயே கேட்டது.

ஆறு மாதம் நான் ஓர் இசைத்தட்டைக்கூடத் தொடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளைக் குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த டுப் என் உயிரை வாங்கியது. குளிக்கும்போது கேட்டது, தூங்கும்போது கேட்டது, அச்சகத்தின் அத்தனை இரைச்சலிலும் கேட்டது. ஒருநாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதுவிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவள்மேல் வெறுப்பு வந்தது. அதுவும் உண்மை, எழுதிவிடுகிறேன்.

வழி சொன்னது அவள்தான். நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"ஏங்க, ஒரே ஒரு பக்கம் போட்டுக் கேளுங்களேன். அது முடியுற வரைக்கும் இதை அணைச்சு வைங்க. நான் அசையாம படுத்துக்கிறேன்."

"பேசாம இரு. உளறாத."

"நீங்க இப்படி இருக்கிறதைப் பார்க்கத்தான் எனக்கு மூச்சு முட்டுது."

இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை மறுக்கவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம். அணைப்பதற்கு முன் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் தொண்ணூற்று நாலு காட்டியது. பக்கம் முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது எண்பத்தெட்டு. உதடு கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள். மெஷினைப் போட்டுப் பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அன்றைக்கு இரவு நான் ஆறு மாதத்துக்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

அதன் பிறகு தினமும் நாலு மணிக்கு ஒரு பக்கம். ஒருமுறை சம்மதம் கிடைத்த விஷயத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்குத்தான் தொந்தரவு என்று கேட்பதை விட்டுவிட்டேன். மீட்டரையும் எடுத்து மேஜை டிராயரில் வைத்தேன். எண் இறங்குவதைப் பார்த்தால் பயம் வரும், பயந்தால் மூச்சு இன்னும் வாங்கும். பதற்றப்படக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். கரண்ட் நின்றால் மெஷின் ஊளையிடும். அந்தச் சத்தத்தை எழுப்பும் சின்ன வட்டை உள்ளேயிருந்து கழற்றினேன். அறை அறையாகப் போய் அணைப்பதற்குப் பத்து நிமிடம் வீணாகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஃபிரிட்ஜ், விசிறிகள், ட்யூப் லைட், மெஷின் எல்லாவற்றுக்கும் என் நாற்காலியின் அருகே ஒரே சுவிட்ச் வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. உங்கள் எலக்ட்ரீஷியன்கூடப் பாராட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு பக்கம் இரண்டு பக்கமானது எப்போது என்று கேட்டீர்கள். தேதி நினைவில்லை. பாதியில் நிறுத்துகிற சங்கீதம் ஒரு சங்கீதமா, அதுதான் காரணம்.

வாடகைக் கம்பெனியின் மெக்கானிக் வடிகட்டி மாற்ற வந்தார். மெஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று அதன் முதுகில் இருக்கிறதாம். எனக்குத் தெரியாது. அவர் அதைப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"சார், ஓட வேண்டியதைவிடக் குறைவா ஓடியிருக்கே. இங்க கரண்ட் அடிக்கடி போகுதா?"

"போகும் போகும். தினமும் சாயங்காலம் போகும்" என்றேன்.

கட்டிலிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். நல்ல மனிதர் அந்த மெக்கானிக். மறுநாளே தன் வண்டியில் ஒரு சிலிண்டர் கொண்டுவந்து இறக்கினார். கரண்ட் போனால் இதைத் திறந்துவிடுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும் என்று காட்டிக் கொடுத்தார். நானும் மனப்பூர்வமாகத்தான் முயன்றேன். ஆனால் சிலிண்டர் சீறியது. வயலினில் வில் கடைசியாக விலகும்போது ஓர் இழை ஒலி மிஞ்சும், அந்த இடத்தில் போய் அந்தச் சீறல் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் அதை மூடிவிட்டு, தீர்ந்துபோச்சு என்று அவளிடம் சொன்னேன். அதில் ஏன் இன்னும் ஆக்சிஜன் மிச்சமிருந்தது என்பதுதான் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இதுதான் பதில்.

சனிக்கிழமைகளில் அவளுடைய தங்கை வருவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். "ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுக் கேட்டா என்ன மாமா? ஊர் உலகமே அப்படித்தானே கேட்குது?" என்றாள். ஹெட்ஃபோனில் இசை தலைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் என்று அவளுக்குச் சொன்னால் புரியாது. அதனால் வேறு காரணம் சொன்னேன். "காதை மூடிக்கிட்டா உங்க அக்கா கூப்பிட்டா எனக்கு எப்படிம்மா கேட்கும்?" அப்போது எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசி வாரம் நான் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: "இப்பெல்லாம் நாலு மணி ஆகப்போகுதுன்னாலே பயமா இருக்குங்க."

"நான் பக்கத்து ரூம்லதானே இருக்கேன்" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு இசையில் மனம் ஒட்டவில்லை. ஒரே பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குள் அவள் தங்கையிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், மெஷினோடு, என்று தங்கை ஃபோனில் சொன்னாள். சரி என்றேன். நடந்தது வியாழக்கிழமை. மூன்று நாள் பொறுத்திருந்தால் வீடே உங்களுக்கு அமைதியாகக் கிடைத்திருக்குமே என்று நீங்கள் கேட்டபோது உங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நியாயமான கேள்வி. அன்றைக்கு ஒரு புது இசைத்தட்டு வந்திருந்தது. தனி வயலின், பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. நாலு மாதம் காத்திருந்து வரவழைத்தது. அதைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நாலு மணிக்குச் சுவிட்சை அணைத்தேன். முதல் பக்கம் நன்றாகப் போயிற்று. திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்தில் கால்வாசி போயிருக்கும், வயலின் மிகவும் தணிந்து ஒலிக்கும் ஓர் இடத்தில் டிக் என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நேற்று உங்களிடம், இசைத்தட்டில் கீறல் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

கீறல் இருந்தால் தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அதே இடத்தில் டிக் என்னும். இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு, இம்மி பிசகாது. நான் என் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இது இரண்டு நொடி, மூன்று நொடி, பிறகு இரண்டு ஒன்றாக, பிறகு ஐந்து நொடி. மூன்றாவது டிக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டில் கம்பியில் வளையல் படுகிற ஒலி. கூப்பிட அவளுக்கு மூச்சு இல்லை, அதனால் கையால் கூப்பிட்டாள். சுவிட்ச் என் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

நான் ஊசியைத் தூக்கினேன். இசைத்தட்டை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பஞ்சுத்துணியால் மையத்திலிருந்து விளிம்பு வரை துடைத்தேன். அப்போது இன்னும் இரண்டு முறை கேட்டது, மெதுவாக. கீறல்தான் என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து போட்டேன். ஊசியைச் சரியான இடத்தில்தான் இறக்கினேன்.

ஆகவே, நான்தான் அவளைக் கொன்றேன். தெரியாமல் நடந்தது என்று யாரும் எழுத வேண்டாம், அவளுடைய தங்கை கேட்டாலும் அப்படிச் சொல்ல வேண்டாம். அந்தத் தணிந்த இடம் மறுபடி வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டிக் இல்லை. இசைத்தட்டில் ஒரு குறையும் இல்லை என்று நிம்மதியாக இருந்தது. அதனால் மீதியையும் முடியும்வரை உட்கார்ந்து கேட்டேன்.