நெவில் என்னைச் சாகடிச்ச கதை

…அதான் தம்பி, நானும் கேட்டேன். இந்த ஏர்போர்ட்ல உங்க பக்கத்துல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கிறவள செத்துட்டான்னு போட அவனுக்கு எப்படி மனசு வந்துச்சு? நெவில்னு பேரு. எங்க சித்தப்பா மகன், ஹோபார்ட்ல இருக்கான். ரிட்டையர் ஆனதிலேருந்து கம்ப்யூட்டர்ல குடும்ப மரம், அதான் வம்சாவளி, போடுறதுதான் வேலை. சொந்தக்காரங்க எல்லாம் சேர்ந்து எழுதுற ஒரே மரம். யார் வேணா யாரை வேணா திருத்தலாம்.

"ஏன்டா என்னைச் சாகடிச்ச?"ன்னு போன் போட்டேன். "உயிரோட இருக்கிறவங்க பக்கத்தை மத்தவங்களுக்குக் காட்டாதுக்கா. உன் கல்யாண ஃபோட்டோ அவ்வளவு நல்லாருக்கு, நாலு பேர் பாக்கட்டுமேன்னுதான்…" அப்படிங்கிறான். ஒரு ஃபோட்டோவுக்காக ஆளையே முடிச்சுட்டான். மாரடைப்பாம், அதுவும் அவனே போட்டது. எனக்கு முட்டி வலி மட்டுந்தான் தம்பி.

செத்தவுடனே கூட்டம் வந்துருச்சு. கனடாவுல யாரோ ஒரு பொம்பள எனக்கு ரெண்டாவது புருஷன் கட்டி வெச்சுட்டா. ஆட்டுப்பண்ணைக்காரராம். என் பேரு ஈனிட்டா, வேற எவளோ ஈனிட்டோட புருஷனை, பேரு ஒத்துப்போச்சுன்னு எனக்கு ஒட்டிட்டா. ஆளு பாக்க நல்லாத்தான் இருந்தாரு, அது வேற விஷயம்.

சரி, நானே திருத்துறேன்னு உள்ள போனேன். அப்பதான் என் பக்கத்துக்குக் கீழ பாக்குறேன், தெல்மா எழுதியிருக்கா. என் தங்கச்சி, மெல்பர்ன் பக்கம் ஜீலாங்ல இருக்கா. என் வீட்டுக்காரர் துக்கத்துக்கு வந்தவ, நான் வெச்ச சாண்ட்விச் காய்ஞ்சு கிடக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா. அன்னிக்கு நின்னது பேச்சு. இப்ப எழுதுறா, "அக்கா கைப்பக்குவம் யாருக்கும் வராது. அன்னிக்குப் பேசினது என் வாய்க்கொழுப்பு. ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

உயிரோட இருந்தப்ப ஒரு பிறந்தநாள் கார்டு கிடையாது தம்பி. இப்ப நான் பொழைச்சா அந்தப் பக்கமே மறைஞ்சுடும். அவ எழுதினதும் போயிடுமே. அதான் அப்படியே செத்துக் கிடந்தேன். அவ தினமும் ஏதாவது எழுதினா. சின்ன வயசுல ஆத்துல மீன் புடிச்சது, ஒரே கம்பளிக் கோட்டு, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டது… டீயை வெச்சுக்கிட்டு நான் படிச்சு அழுவேன். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

அப்புறம் நெவிலைக் கேட்டுட்டா, அக்காவை எங்க புதைச்சிருக்குன்னு. அவனுக்கு அவளைக் கண்டா பயம். என்கிட்ட ஓடி வந்தான். "இங்க லான்செஸ்டனுக்கு ப்ளைட் ஏறி வரச் சொல்லு, ஏர்போர்ட்டுக்கு ஆள் வரும்னு சொல்லு"ன்னேன். நான்தான் அந்த ஆளுன்னு அவனும் சொல்லல, நானும் சொல்லல.

மெல்பர்ன் ப்ளைட் இறங்கிருச்சு போல. அதோ, கறுப்புக் கோட்டு, கையில பூவோட வர்றா பாருங்க, அவதான். இளைச்சுட்டா. தம்பி, அவளுக்குச் சட்டுனு மயக்கம் வரும். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னு புடிச்சுக்கிட்டீங்கன்னா… எங்க எந்திரிச்சுட்டீங்க? பாத்ரூமுக்கா? அது இந்தப் பக்கம் தம்பி. தம்பி…

போயிட்டாரு.

தெல்மா. இங்க, இங்க பாரு. நான்தான்டி. கத்தாத, எல்லாரும் பாக்குறாங்க. அய்யோ, பூவைக் கீழ போடாதடி. எனக்குத்தானே வாங்கின, இப்படிக் குடு.