பூட்டிய வீட்டு ரேடியோ

பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் திரும்பும் சாயங்கால ரயில். உட்கார இடம் கிடைத்ததே பெரிது. எனக்கு எதிரே வேலை முடிந்த அலுப்போடு இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“திருடனுக்காகத்தான்க்கா ரேடியோ வாங்கினேன்.”

“இன்னாடி சொல்ற?”

“காலைல வூட்ட பூட்டிக்கினு வர்றேன் இல்ல? உள்ள சத்தம் கேட்டா ஆள் இருக்குன்னு நெனப்பான். காலைல பேச்சு, மத்தியானம் நாடகம், அப்புறம் கச்சேரி. நான் ஒண்ணும் கேட்டதில்ல. பக்கத்து வூட்டுக்காரருதான் கேக்கறாரு.”

“எப்படி?”

“லைன் வூடாச்சே, ரெண்டுத்துக்கும் ஒரே செவுரு. தங்க மைன்ஸ்ல வேல பாத்தவரு, இப்ப படுத்த படுக்கை. நாடகத்துல இன்னா ஆச்சுன்னு அவருதான் எனக்கே சொல்லுவாரு.”

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பாதிப் பெட்டி காலியானது.

“நேத்து ஒடம்பு முடியலன்னு லீவு போட்டேன். நாமதான் வூட்ல இருக்கோமேன்னு ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு படுத்தேன். கொஞ்ச நேரத்துல செவுத்த தட்டறாரு. ‘வூட்ல யாரும் இல்லியா?’ன்னு கேக்கறாருக்கா.”

“நீ இன்னா சொன்ன?”

“எழுந்து ரேடியோவ போட்டேன்.”