சும்மா

இல்ல மா, லைட்ட மாத்திப் பிரயோஜனம் இல்ல. லைட்டு நல்லாத்தான் கீது, மூஞ்சிலதான் ஒண்ணியும் இல்ல. ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து இப்படித்தான், சுட்ட செங்கல்லாட்டம் உக்காந்துகினு கீறாரு. காது கேக்கும். நாம பேசறது எல்லாம் புரியும். வாய்தான் வராது.

காலையில இருந்து நீங்களும் படம் எடுத்துகினேதான் இருக்கீங்க. இவருக்குக் குடுக்கற அவார்டு புஸ்தகத்து அட்டையில இந்த மூஞ்சியப் போட்டா, போட்டோகிராபர் தம்மபாலன வுட்டுட்டு செவுத்த எடுத்தாந்துட்டியான்னு கேப்பாங்க. காபி ஆறுது, குடிங்க.

எப்பவாச்சும் மாறுமான்னா, மாறும். சாயந்தரம் பெங்களூர் ரயிலு வர்ற நேரம் வாசப்பக்கம் கண்ணு போவும். எங்க பொண்ணு நிவேதா அதுலதான் வேலைக்குப் போயி வருவா. இப்ப வெளியூர்ல கீறா. ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க.

இவரு எப்படி எடுப்பாருன்னு தெரியுமா உங்களுக்கு? உள்ள கெடக்கற மனுசன வெளிய இழுத்தாருவாருன்னு எழுதறாங்களே, அது ஒண்ணும் வித்தை இல்ல. ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோவுல ஆள ஸ்டூல்ல உக்கார வச்சி சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. அவன் அசந்த நேரமா பாத்து, இன்னாயா, உன் புள்ள ஊட்ட வுட்டு ஓடிட்டானாமேன்னு போடுவாரு ஒரு போடு. மூஞ்சி அப்படியே அவுந்து வுழும். டக்குனு கேமராவ அமுக்கிடுவாரு. அப்பறம் தோள்ல தட்டி, சும்மா சொன்னேன்யா, டீ குடிம்பாரு.

யாரு கோச்சுக்கறது? படம் அவ்ளோ நல்லாருக்குமே.

அதோ, டெல்லியில பரிசு வாங்கின படம். வந்ததும் வராததுமா அந்தப் பொண்ணு கண்ணப் பத்திச் சொன்னீங்களே, அது நாந்தான். கல்யாணமான புதுசு. எங்கப்பாவுக்கு இங்க தங்கச் சுரங்கத்துல, மைசூர் மைன்ஸ்ல அண்டர்கிரவுண்டு வேலை. நான் மாவுக் கையோட வெளிய வந்தேன். இவரு கேமராவோட நின்னுகினு, ஜானகி, உங்கப்பா சுரங்கத்துல எறங்கின கேஜு கம்பி அறுந்து வுழுந்துடுச்சாம்னாரு. அதான் அந்தக் கண்ணு. எங்கப்பா சாயந்தரம் காராபூந்திப் பொட்டலத்தோட வந்தாரு.

அப்பறம் சில வருசத்துல அப்பா நெசமாவே போயிட்டாரு. பொணத்துக்குப் பக்கத்துல நான் அழவே இல்ல மா. இவரு மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன், எப்ப சும்மான்னு சொல்லுவாருன்னு. பொதைக்கற வரைக்கும் பாத்தேன். கல்நெஞ்சுக்காரின்னு பேரு வாங்கினேன்.

அட, நீங்க ஏன் தலையக் குனியறீங்க. படம் வேணும் இல்ல? கேமராவக் கண்ணுல வைங்க. நான் கூப்ட்டா இந்தப் பக்கம் திரும்புவாரு. கை நடுங்காம புடிங்க, ஒரு வாட்டிதான் கெடைக்கும்.

இன்னாங்க. இங்க பாருங்க. நிவேதா வெளியூர் போவல. போன மாசம் ஸ்டேஷன் ரோட்ல லாரி அடிச்சி செத்துட்டா. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னாரு டாக்டரு. நாந்தான் போயி பொதச்சிட்டு வந்து, கையக் கழுவிட்டு, அன்னைக்கு ராத்திரியும் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினேன்.

எடுங்க மா, எடுங்க. நல்லா வரும். என் மூஞ்சியவே பாக்கறாரு பாருங்க.

சும்மான்னு சொல்லுவேன்னு பாக்கறாரு.